ஆர்கானிக் முத்திரையை நம்பும்போது செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலர், அந்நாட்டு வேளாண் துறையின் ‘யு.எஸ்.டி.ஏ. ஆர்கானிக்’ முத்திரையைப் பார்த்ததுமே பாக்கெட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் எடுத்துவிடுகிறார்கள். அதில் செயற்கைப் பொருள் துளியும் இருக்காது என்று நம்புவதுதான் முதல் தவறு. உப்பும் தண்ணீரும் நீங்கலாக 95 சதவீதம் ஆர்கானிக்காக இருந்தாலே முத்திரை போடலாம். மீதியில் இஷ்டத்துக்கு எதையும் சேர்க்க முடியாது, அரசின் ‘தேசியப் பட்டியல்’ அனுமதிக்க வேண்டும், ஆனால் அந்தப் பட்டியலிலேயே சாந்தன் கம் (உணவைக் கெட்டியாக்குவது), அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) போன்றவை செயற்கை என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கின்றன.

செயற்கைப் பொருளுக்கான இந்த அனுமதி சண்டையில்லாமல் வந்ததல்ல. மெய்ன் மாநிலத்தில் புளூபெர்ரி விளைவித்த ஆர்தர் ஹார்வி, 1990-ஆம் ஆண்டு ஆர்கானிக் உணவுச் சட்டம் பதப்படுத்தும்போது செயற்கைப் பொருள் சேர்க்க இடம் தரவில்லை, விதிகள் மட்டும் எப்படித் தரலாம் என்று வேளாண் துறை மீது வழக்குப் போட்டார். 2005 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த விஷயத்தில் அவர் சொன்னதை ஏற்றது. அதே ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, பட்டியலில் உள்ள செயற்கைப் பொருள்களுக்கு வழி விட்டுவிட்டது! வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு இதை உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்து, ‘ஆர்கானிக் பொருள்களால் செய்தது’ என்ற வாசகத்தையும் முத்திரையையும் ஒன்றாக நினைக்காதீர்கள். அதற்கு 70 சதவீதம் போதும், முத்திரை கிடையாது. ஒயினில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்: ‘ஆர்கானிக் ஒயின்’ என்றால் கெடாமல் காக்கும் சல்ஃபைட் சேர்க்கக் கூடாது, ‘ஆர்கானிக் திராட்சையில் செய்தது’ என்றால் சல்ஃபைட் வகையான சல்ஃபர் டை ஆக்ஸைடு சேர்க்கலாம். ‘நேச்சுரல்’ என்ற சொல்லுக்கோ ஆர்கானிக் சான்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

சரி, இதற்காக வாயில் நுழையாத பெயரைப் பார்த்தாலே மோசடி என்று கிளம்புவதும் தவறுதான். சோடியம் பைகார்பனேட் என்பது நம் வீட்டுச் சமையல் சோடா, பட்டியலில் அது செயற்கை அல்லாத வகையில் இருக்கிறது. பெயரை வைத்துப் பயப்படாமல், அது பட்டியலில் எந்த வகையில், எந்த நிபந்தனையோடு இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம், முன்பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். முத்திரை உள்ள பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயருக்குக் கீழே சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயரும் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அந்தப் பொருளைக் கடையிலேயே வைத்துவிடுங்கள்.