குட்டி கேலக்ஸில நட்சத்திரம் எப்போ பிறந்துச்சு? செபீட், ஆர்ஆர் லைரே வச்சு பாக்கலாம் வாங்க

குள்ள கேலக்ஸில பழைய நட்சத்திரம் இருக்கான்னு நேரடியா பாக்கணும்னா ரொம்ப மங்கலான சாதா நட்சத்திரம் வரைக்கும் அளக்கணும், பெரிய டெலஸ்கோப் இல்லாம நடக்காது. அதே வயசு ஆர்ஆர் லைரே அதவிட சுமார் 3 மேக்னிட்யூட் (பிரகாசத்த அளக்கற அலகு) பிரகாசம், அதனால நாம விரிஞ்சு சுருங்கி துடிச்சு, ஒளி கூடிக் குறையுற நட்சத்திரங்களையே புடிச்சுக்கலாம்: பழசுக்கு ஆர்ஆர் லைரே, இளசுக்கு செபீட்.

மொதல்ல டேட்டா. சிலி நாட்டுல இருந்து வானத்த திரும்பத் திரும்ப படம் எடுக்கற ஓகிள் (OGLE) சர்வேயோட லிஸ்ட் ஃப்ரீயாவே கிடைக்குது, சின்ன மெகல்லன் மேகம்ங்கற பக்கத்து குட்டி கேலக்ஸில மட்டும் 4,900 செபீட், 6,000க்கு மேல ஆர்ஆர் லைரே, பழக இது போதும்.

அடுத்து பீரியட், அதாவது ஒரு தடவ துடிக்க ஆகுற நேரம். பைத்தான்ல ஆஸ்ட்ரோபைங்கற வானியல் லைப்ரரிக்குள்ள பீரியட் தேடுற லாம்ப்-ஸ்கார்கிள் முறை இருக்கு, ஓட்டுனா பொருந்துற பீரியட்ல பீக் வரும், ஆனா உடனே நம்பிடாதீங்க!! ராத்திரி மட்டுமே படம் எடுக்கறதால 0.6 நாள் நட்சத்திரம் 1.5 நாள்லயும் ஒரு பொய் பீக் காட்டும், நான் இதுல ஒரு வீக்கெண்ட் முழுக்க தொலைச்சேன். அந்தந்த பீரியட்ல மடிச்சு வரைஞ்சு பாருங்க, சரியானதுல புள்ளியெல்லாம் ஒரே கோட்டுல வந்து உக்காரும், பொய்யானதுல சிதறும்.

இப்போ வகை பிரிங்க. ஒரு நாளுக்குள்ள துடிக்கற ஆர்ஆர் லைரேன்னா 1000 கோடி வருஷத்துக்கு மேல. செபீட்னா சின்னப் பசங்க: 3 நாள் பீரியட்னா சுமார் 10 கோடி வருஷம், 10 நாள்னா 4-5 கோடி, ஏன்னா எடை கூடுனா மெதுவா துடிக்கும், சீக்கிரம் செத்தும் போகும். (நட்சத்திரம் சுத்தறதையும் சேர்த்த மாடல்ல வயசு இன்னும் ஏறும், எந்த மாடல்னு எழுதி வச்சுக்கோங்க.) ஆர்ஆர் லைரே மாதிரியே துடிச்சு அதவிட பிரகாசமா இருந்தா அனாமலஸ் செபீட், 100-600 கோடின்னு சொல்லுவாங்க, ஆனா ரெண்டு கிழட்டு நட்சத்திரம் ஒண்ணா சேர்ந்தும் இது உருவாகலாம், அதனால வயசுக்கு நான் இத எடுக்கறதில்ல.

எண்ணுறதுலதான் எல்லாரும் மாட்டுவாங்க. குட்டி பீரியட் செபீட் நிறைய இருக்கு, அப்போ 10 கோடி வருஷம் முன்னாடி நிறைய பிறந்துச்சுன்னு எழுதிடக் கூடாது. எடை குறைஞ்சது துடிக்கற கட்டத்துலயே அதிக நாள் இருக்கும், அதனால எண்ணிக்கைய அந்த காலத்தால வகுத்துட்டுதான் ஒப்பிடணும். உலோகம் (ஹீலியத்தவிட கனமான தனிமம் எல்லாத்தையும் இப்படித்தான் சொல்லுவாங்க) கம்மியான கேலக்ஸில இன்னும் லேசான நட்சத்திரமும் செபீட் ஆகிடும், சின்ன மேகத்துல குட்டி பீரியட் குவிஞ்சு கிடக்க இதுவும் ஒரு காரணம்.

டிராகோ கேலக்ஸில ஆர்ஆர் லைரே நிறைய, சாதா செபீட் கிடையாது, அதாவது நட்சத்திரம் பிறக்கற கடை எப்பவோ மூடியாச்சு. ஐசி 1613 கேலக்ஸில ரெண்டும் இருக்கு, ஆனா நடுவுல பிறப்பு நின்னுச்சா தொடர்ந்துச்சான்னு இந்த ரெண்ட மட்டும் வச்சு சொல்ல முடியாது, அதுக்கு நடு வயசையும் காட்டுற, 100 நாளுக்கு மேல பீரியட் இருக்கற மிரா வகை நட்சத்திரத்தத்தான் தேடணும்.