ஃப்ரிட்டாட்டா தடித்த ஆம்லெட் அல்ல: சறுக்கும் இடங்கள்

முட்டை, உப்பு, கொஞ்சம் வெண்ணெய் அல்லது எண்ணெய். ஆம்லெட்டுக்கும், காய்கறி கலந்து தடிமனாக வேகவைக்கும் முட்டைப் பண்டமான ஃப்ரிட்டாட்டாவுக்கும் அடிப்படைச் சாமான் ஒன்றே என்பதால்தான் குழப்பம். பிரெஞ்சு ஆம்லெட் என்பது இரண்டு மூன்று முட்டையில், நல்ல சூட்டில், ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை. இத்தாலிய ஃப்ரிட்டாட்டாவுக்கு ஆறு முதல் எட்டு முட்டை. சிறு தீயில் கால் மணி நேரம் வேக வேண்டும். ஆம்லெட் போட்ட பழக்கத்திலேயே ஃப்ரிட்டாட்டாவைத் தொட்டால் அடி கருகும், மேல்பக்கம் கொழகொழவென்று நிற்கும்.

வெள்ளைக்கரு 63 டிகிரி செல்சியஸ் வாக்கில் கெட்டிப்படத் தொடங்குகிறது. மஞ்சள்கருவோடு சேர்த்து அடித்த முட்டை 73 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். அதற்கு மேல் சூடேறினால் புரதம் இறுகி, பிடித்து வைத்திருந்த நீரைக் கக்கிவிடும். தட்டில் தண்ணீர் கசிகிறதே, ரப்பர் மாதிரி இழுக்கிறதே என்றால் காரணம் இதுதான். ஆம்லெட் மெல்லிசு என்பதால் அதிகத் தீ தாங்கும். இரண்டு விரல் உயரமுள்ள ஃப்ரிட்டாட்டாவில், நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் அடிப்பகுதி பாழாகிவிடும்.

எட்டு முட்டைக்கு 25 சென்டிமீட்டர் பேன் சரி. கலவையை ஊற்றியதும், ஓரத்தில் உறைவதை முதல் ஒரு நிமிடம் மட்டும் நடுவுக்கு இழுத்துவிட்டு, பச்சைக் கலவை ஓரத்துக்கு ஓட வழி விடுங்கள். பிறகு தொடக்கூடாது. தொடர்ந்து கிளறினால் கிடைப்பது முட்டைப் பொரியல். சிறு தீயில் ஐந்தாறு நிமிடத்தில் ஓரம் உறைந்து நடு தளும்பும். அந்தக் கட்டத்தில் 180 டிகிரி ஓவனில் எட்டுப் பத்து நிமிடம் வைக்கலாம். ஓவன் இல்லையென்றால் மூடி போட்டு, தீயை இன்னும் குறையுங்கள். தட்டைக் கவிழ்த்துத் திருப்பும் முறையும் உண்டு. ஆனால் மேல்பக்கம் நீராக இருக்கும்போது திருப்பினால் எல்லாம் மணிக்கட்டு வழியே வழியும்.

ஓவனுக்குள் போகும் பேனுக்கு பிளாஸ்டிக் பிடி கூடாது. வெளியே எடுத்தவுடன் பிடியில் ஒரு துணியைச் சுற்றி வையுங்கள். அடுப்பு மேல் இருக்கும் பேன்தானே என்று வெறுங்கையால் பிடித்துவிடுவது சகஜம்.

அதிகம் சொதப்புவது காய்கறியில். ஆம்லெட்டில் உள்ளீடு கடைசியில், மடிப்பதற்குச் சற்று முன், ஏற்கெனவே சூடாக, இரண்டு மூன்று ஸ்பூன் மட்டுமே. அதற்கு மேல் திணித்தால் மடிக்கிற இடத்தில் கிழியும். ஃப்ரிட்டாட்டாவில் முட்டையோடே கலந்துவிட வேண்டும். எட்டு முட்டைக்கு இரண்டு கப் வரை தாங்கும். பச்சையாகப் போட்டால், முட்டை வெந்து முடியும் நேரத்தில் வெங்காயம் வேகாது. காளானும் தக்காளியும் நீர் விட்டு அடியில் குட்டை கட்டும். முதலில் வதக்கி நீரை வற்ற வையுங்கள். பசலைக்கீரையை வதக்கிய பின் ஒட்டப் பிழிய வேண்டும். வதக்கியதை அடுப்பிலிருந்து அப்படியே முட்டைக் கிண்ணத்தில் கொட்டாதீர்கள், பட்ட இடமெல்லாம் திரியும். ஐந்து நிமிடம் ஆறட்டும்.

பால் சேர்ப்பதானால் ஆறு முட்டைக்கு 60 மில்லி போதும். கொழுப்பு நீக்கிய பால் என்றால் தண்ணீர் ஊற்றுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆம்லெட்டுக்குப் பாலே தேவையில்லை. நுரை பொங்க அடிப்பதும் வேண்டாம்: ஓவனில் ஃப்ரிட்டாட்டா பலூனாக எழும்பி, வெளியே வந்ததும் பொத்தென்று அமுங்கும். வெள்ளைக்கரு இழை தெரியாத அளவு கலந்தால் போதும்.

ஆம்லெட்டில் துளிகூடப் பழுப்பு விழக்கூடாது என்பார்கள் சிலர். வீட்டுச் சமையலுக்கு அது வீண் கண்டிப்பு. ஆனால் முழுக்க உறையும்வரை காத்திருக்கக் கூடாது என்பது உண்மை. மேலே ஈரப் பளபளப்பு இருக்கும்போதே மடித்து, உடனே சாப்பிட வேண்டும். ஃப்ரிட்டாட்டாவுக்கு அவசரமில்லை. நடு லேசாக ஆடும்போது இறக்கி, ஐந்து நிமிடம் விட்டு வெட்டினால் துண்டு உதிராமல் வரும். ஆறிய பிறகும் சுவைக்கும், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் ஃப்ரிட்ஜுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.