அரசு அலுவலகத்தில் உருமாற்றத் தலைமையை அளப்பது எப்படி? முதல்முறை சர்வே செய்பவர்களுக்கு

பொது நிர்வாகமோ எம்பிஏவோ படிப்பவர்கள் ப்ராஜெக்டுக்கு எடுக்கும் தலைப்புகளில் இதுவும் ஒன்று. பதவி உயர்வைக் காட்டியோ மெமோவைக் காட்டியோ வேலை வாங்குவது ஒரு வகை. வேலை எதற்காக என்பதைப் புரியவைத்து, ஊழியரே முனைந்து செய்ய வைப்பது இன்னொரு வகை; இதைத்தான் உருமாற்றத் தலைமை என்கிறோம். இரண்டையும் பிரித்துப் பேசியவர் அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் மெக்ரிகர் பர்ன்ஸ், 1978இல். 1985இல் பெர்னார்ட் பாஸ் அதை அளக்கும் வழிக்குக் கொண்டுவந்தார். அரசு அலுவலகத்தில் மேலதிகாரி நினைத்தால் யாருக்கும் சம்பளத்தைக் கூட்டிவிட முடியாது. இந்த இரண்டாவது வகைக்கு அங்கே மவுசு அதனால்தான்.

படி 1: கேள்வித்தாள்

எல்லோரும் முதலில் போய் நிற்பது எம்.எல்.க்யூ. (Multifactor Leadership Questionnaire) என்ற கேள்வித்தாளில். 45 கேள்விகள், 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆனால் அதற்குக் காப்புரிமை உண்டு. காசு கட்டி அனுமதி வாங்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பிரதியை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். சின்னதாக வேண்டுமென்றால், கார்லெஸ், வேரிங், மேன் மூவரும் 2000இல் வெளியிட்ட 7 கேள்விகள் இருக்கின்றன.

என் விருப்பம் டென்மார்க் ஆய்வாளர்களின் பாணி. அதிகாரி இலக்கைத் தெளிவாகச் சொல்கிறாரா, ஊழியர்களை அதை ஏற்க வைக்கிறாரா, விடாமல் நினைவூட்டுகிறாரா என்று மட்டும் கேட்பார்கள். 'அவர் உங்களுக்கு உந்துதல் தருகிறாரா' என்று கேட்டால் நாம் அளப்பது விளைவை, அவர் செய்வதை அல்ல. அப்புறம் 'உந்துதல் தரும் அதிகாரியால் ஊழியர் உந்தப்படுகிறார்' என்று முடிவு எழுதுவதில் என்ன இருக்கிறது?

படி 2: யாரைக் கேட்பது?

அதிகாரியையே கேட்டால் வேலை சுலபம். ஆனால் டென்மார்க்கில் 79 மேல்நிலைப் பள்ளி முதல்வர்களையும் 1,621 ஆசிரியர்களையும் கேட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். முதல்வர் தன்னைப் பற்றிச் சொன்னதும் ஆசிரியர்கள் அவரைப் பற்றிச் சொன்னதும் கொஞ்சமாகத்தான் ஒத்துப்போயின. பள்ளியின் செயல்பாட்டோடு தொடர்பு காட்டியது ஆசிரியர்கள் சொன்னது மட்டுமே. எனவே கீழே வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள். அதிலும் இப்போதைய அதிகாரியிடம் ஆறு மாதமாவது வேலை பார்த்தவர்களை. இடமாறுதல் வந்து போன வாரம் சேர்ந்தவருக்கு என்ன தெரியும்?

படி 3: தமிழில் எழுதுவது

நான் சறுக்கிய இடம் இதுதான். என் முதல் படிவத்தில் 'உங்கள் தலைவர்' என்று எழுதியிருந்தேன். நிரப்பியவர்களில் சிலர் சங்கத் தலைவரை மனதில் வைத்து மதிப்பெண் போட்டிருந்தார்கள்! ஒருவர், "எந்தக் கட்சித் தலைவர் சார்?" என்றே கேட்டார். மொத்தப் படிவத்தையும் தூக்கிப் போட்டேன். 'உங்கள் நேரடி மேலதிகாரி' என்று எழுதுங்கள். 'தொலைநோக்குப் பார்வை' என்றால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும்; 'நம் அலுவலகம் என்ன சாதிக்க வேண்டும் என்பதை அவர் தெளிவாகச் சொல்கிறார்' என்றால் கிளார்க்கும் டிரைவரும் ஒரே மாதிரி புரிந்துகொள்வார்கள். தமிழாக்கியதை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொல்லி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். பத்துப் பேரிடம் வெள்ளோட்டமும் பாருங்கள்.

படி 4: பயத்தைப் போக்குவது

அலுவலகத் தபால் வழியாக, அதிகாரியின் கையெழுத்தோடு படிவம் போனால், 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்கும் படிவத்தில் எல்லோரும் 5 போடுவார்கள். பெயர் கேட்காதீர்கள். வயது, பதவி, பணியில் சேர்ந்த வருடம் மூன்றையும் சேர்த்துக் கேட்டாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். நான்கைந்து பேர் மட்டுமே உள்ள பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடவே வேண்டாம்.

படி 5: கணக்கு

ஒருவர் நான்கு கேள்விகளுக்கு 4, 3, 4, 2 போட்டிருந்தால் அவர் தரும் ஸ்கோர் 13ஐ 4ஆல் வகுத்து, 3.25. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதற்கு க்ரோன்பாக் ஆல்ஃபா பாருங்கள், 0.7க்கு மேல் இருந்தால் சரி என்பது வழக்கம்.

பிறகு அலுவலக சராசரி. இங்கே அவசரப்படாதீர்கள். ஓர் அலுவலகத்தில் ஆறு பேரும் 3 தருகிறார்கள். இன்னொன்றில் மூன்று பேர் 1, மூன்று பேர் 5. இரண்டிலும் சராசரி 3தான். முதலாவதில் இருப்பவர் சுமாரான அதிகாரி. இரண்டாவதில் அவர் அறைக்குள் போய் டீ குடிக்கும் ஆட்கள் மூன்று பேர் இருக்கலாம். எக்செலில் திட்ட விலக்கத்துக்கு (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் அளவு) ஒரு காலம் (column) போட்டு, சராசரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.