'இன் ஃப்ரண்ட் ஆஃப்' எங்க போடணும், 'ஆப்போசிட்' எங்க போடணும்?

அட்ரஸ் சொல்றப்ப "பேங்குக்கு முன்னாடி", "பேங்குக்கு எதிர்ல" ரெண்டையும் நாம மாத்தி மாத்தி சொல்லுவோம், கேக்கறவங்களும் புரிஞ்சுப்பாங்க. அதே பழக்கத்துல இங்கிலீஷ்லயும் எல்லாத்துக்கும் 'இன் ஃப்ரண்ட் ஆஃப்' போட்டா, வர்றவர் ரோட்டுக்கு இந்தப் பக்கம் தேடிட்டு இருப்பார், நீங்க அந்தப் பக்கம் நின்னுட்டு இருப்பீங்க.

முதல் ஸ்டெப், நடுவுல ரோடு இருக்கான்னு பாருங்க. சென்னை சென்ட்ரல் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறீங்கன்னா "ஐ ஆம் இன் ஃப்ரண்ட் ஆஃப் த ஸ்டேஷன்". ரோட்டைத் தாண்டி இருக்கற ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையைச் சொல்லணும்னா "த ஹாஸ்பிட்டல் இஸ் ஆப்போசிட் த ஸ்டேஷன்". நம்ம ஊர் போர்டுல 'ஆப்போசிட் டு' ன்னு நிறைய பார்ப்பீங்க, ஆனா இடம் சொல்றப்ப அந்த 'டு' இல்லாம எழுதிப் பழகுறதுதான் நல்லது. 'ஆப்போசிட் ஆஃப்' வேற விஷயம், அது எதிர்ப்பதம் சொல்ல.

அடுத்தது ஆளுங்க. ரேஷன் கடை க்யூல உங்களுக்கு முன்னாடி நிக்கிறவரோட முதுகுதான் தெரியும், அவர் 'இன் ஃப்ரண்ட் ஆஃப் மீ'. ட்ரெயின்ல எதிர் சீட்ல உக்காந்து உங்க முகத்தைப் பார்த்துட்டு வர்றவர் 'ஆப்போசிட் மீ'.

மூணாவது ஸ்டெப்தான் ரொம்ப முக்கியம், இங்க கொஞ்சம் நிதானமா படிங்க. நடுவுல ஒரு 'த' சேர்ந்தா அர்த்தமே மாறிடும். "ஷீ இஸ் இன் த ஃப்ரண்ட் ஆஃப் த பஸ்" ன்னா அவங்க பஸ்ஸுக்குள்ளயே முன்பக்கம் இருக்காங்க. 'த' இல்லாம "ஷீ இஸ் இன் ஃப்ரண்ட் ஆஃப் த பஸ்" ன்னா பஸ்ஸுக்கு வெளிய, ரோட்டுல, வண்டிக்கு முன்னாடி நிக்கிறாங்க! க்ளாஸ் ரூமும் அப்படித்தான், டீச்சர் 'இன் ஃப்ரண்ட் ஆஃப் த க்ளாஸ்' ன்னா அவங்க பசங்களுக்கு முன்னாடி நிக்கிறாங்க, முதல் பெஞ்சு பையன் 'இன் த ஃப்ரண்ட் ஆஃப் த க்ளாஸ்ரூம்', அதாவது ரூமுக்குள்ள முன்பக்கம். இதை மட்டும் ரெண்டு மூணு தடவை வாய்விட்டு சொல்லிப் பாருங்க, காது பழகிடும்.

இன்னொரு யூஸ், ஒருத்தர் பார்க்கறப்ப கேக்கறப்ப ஒண்ணு நடக்குதுன்னாலும் இதேதான். "டோன்ட் ஃபைட் இன் ஃப்ரண்ட் ஆஃப் த சில்ட்ரன்", குழந்தைங்க முன்னாடி சண்டை போடாதீங்க. இங்க 'ஆப்போசிட்' வரவே வராது.

நேரத்துக்கு மட்டும் இதைத் தொடாதீங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி போடற மாத்திரை 'பிஃபோர் ஃபுட்', ரெண்டு நாளைக்கு முன்னாடி 'டூ டேஸ் எகோ'. எழுதறப்ப இன், ஃப்ரண்ட், ஆஃப் மூணையும் தனித்தனியா எழுதுங்க, முதல் ரெண்டையும் ஒட்டி ஒரே வார்த்தையா எழுதறவங்க நிறைய பேர், அது தப்பு.

இப்ப உங்க வீட்டு வாசல்ல நின்னு கண்ணுல படறதை வச்சு சொல்லிப் பாருங்க: "தேர் இஸ் எ நீம் ட்ரீ இன் ஃப்ரண்ட் ஆஃப் மை ஹவுஸ். தேர் இஸ் எ டீ ஷாப் ஆப்போசிட் மை ஹவுஸ்."