பிள்ளையை விடுகிற வீட்டைக் கிணற்றடியிலிருந்து பாருங்கள்

தையல் தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. ஒரு சட்டை கைக்கு வந்தால் முதலில் உட்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பேன். வெளித்தையல் எல்லாருக்கும் நேராகத்தான் வரும். நான் வேலைக்குப் போகிற நேரம் மகனைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு தேடியபோது மட்டும் இந்தப் புத்தி எனக்கு வரவில்லை. முதல் வீட்டில் முன்விறாந்தையோடு நின்றுவிட்டேன். பளபளவென்ற தரை, சுவரில் கரடிப் படம், வரிசையாகச் சின்னக் கதிரைகள். ஆறு கிழமை கழித்து அவனுடைய பின்தலை புடைத்திருந்தது. கேட்டால், "தெரியேல்லையே தங்கச்சி, உங்கட வீட்டில விழுந்திருப்பான்" என்றார்கள்.

அம்மம்மா இருக்கிற வீட்டில் இந்தத் தேடலே வராது. வன்னியில் அம்மம்மா இல்லாத வீடுகள் நிறைய. பிரசவ விடுமுறை 84 நாட்கள். அது முடிந்தால் விடியப்புறம் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ஆகவே அயலில் ஒரு அக்கா வீட்டில்தான் விடுகிறோம்.

போனதும் இருக்கச் சொல்லுவார்கள், தேத்தண்ணீர் வரும். அதற்கு முதல், கை கழுவ வேணும் என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போங்கள். கட்டு உங்கள் இடுப்பளவாவது இருக்கிறதா? மேலே கம்பி வலையோ மூடியோ போட்டிருக்கிறதா? கட்டு உயரமாக இருந்தும் பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற கல்லோ கவிழ்த்த வாளியோ கிடந்தால், இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது படிக்கட்டு. வளவின் பின்பக்கம் தோட்டத்துக்கென்று வெட்டிய, கட்டே இல்லாத கிணறும் இருக்கலாம். கேளுங்கள், போயும் பாருங்கள். குழாய்க்கிணறு என்றால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். நிரப்பி வைத்த வாளி இருக்கிறதே. தவழ்கிற பிள்ளை தலைகுப்புற விழுந்தால் நாலு விரல் ஆழத் தண்ணீரே போதும். சத்தமும் கேட்காது.

அப்படியே வளவைச் சுற்றுங்கள். எங்கள் பக்கம் பாதி வீடுகள் தோட்டக்கார வீடுகள்தான். மருந்து அடிக்கிற மெசினும் பூச்சிமருந்துப் போத்தல்களும் பூட்டி வைத்த இடத்தில் இருக்க வேண்டும். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிற பழக்கம் இருந்தால் நான் அந்த வீட்டை விட்டுவிடுவேன். பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "வாந்தி எடுக்கப் பண்ணுவம்" என்றால் பிழை. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போய்விடும். 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டு, போத்தலையும் கையில் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விறகும் பழைய தகரமும் கற்களும் குவித்திருந்தால் அங்கே எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். குப்பை எரிக்கிற இடத்தையும் பாருங்கள். யுத்தகாலத்து வெடிபொருள் மண்ணுக்குள் கிடந்து சூட்டில் வெடித்த கதைகளை நாங்கள் கேட்காதவர்களா? மழைக்கு மண் கரைந்து வளவில் ஏதாவது இரும்பு தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். தொடமாட்டோம், பிள்ளைகளை அப்பால் கொண்டுபோய்விட்டுப் பொலிசுக்குச் சொல்லுவோம் என்ற பதில் யோசிக்காமல் வர வேண்டும்.

உள்ளே மெயின் சுவிட்ச் பலகையில், கரண்ட் ஒழுகினால் தானே நிற்பாட்டுகிற ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, பிள்ளைக்கு எட்டுகிற பிளக்குகள் மூடியிருக்கின்றனவா, குசினிக்குத் தடுப்பு உண்டா என்று பாருங்கள். சீலை ஏணை எங்கள் எல்லாரையும் வளர்த்ததுதான். ஆனால் எழும்பி உட்காரத் தொடங்கிய பிள்ளையை அதில் தனியே விடக்கூடாது. கழுத்து சிக்கும். கைக்குழந்தையை மல்லாக்காகக் கிடத்துகிறார்களா என்றும் கேளுங்கள். கச்சான் கொடுக்கிற வீடென்றால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைக்குப் புரைக்கேறினால் அது மூச்சுக்குழாயில் போய் நிற்கும்.

காலை பத்து மணிக்குப் போனால் எல்லா வீடும் நல்ல வீடு. சொல்லாமல் மத்தியானம் இரண்டு மணிக்குப் போங்கள். ஏழெட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில், கூப்பிட்டாலும் அசையாமல் நித்திரை என்றால் எனக்குச் சந்தேகம் வரும். தடிமன் பாணி ஊற்றிப் படுக்க வைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். நீங்கள் கொடுத்துவிடாத எந்த மருந்தும் பிள்ளையின் வாய்க்குள் போகக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஒரு ஆள் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கலாம்? என்னைக் கேட்டால், ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்றால் மூன்று. அதற்கு மேல் கை காணாது. எண்ணிக்கையைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு: "அக்கா, நீங்கள் மலசலகூடம் போனால் யார் பார்ப்பது?" அதோடு வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், யார் வந்து போகிறார்கள், பிள்ளை யாரோடாவது தனியே நிற்க வேண்டி வருமா என்பதையும் கேளுங்கள். கோபிப்பார்கள் என்று நானும் பயந்தேன். நல்ல ஆட்கள் கோபிப்பதில்லை.

வீடு வீடாகப் போகிற மருத்துவமாதுவிடம் தனியாக விசாரியுங்கள், அவருக்கு எல்லா வீட்டின் உட்பக்கமும் தெரியும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார். பிள்ளைக்கு யாரோ கொடுமை செய்கிறார்கள் என்று பட்டால் 1929 இருக்கிறது. அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

இவ்வளவும் பார்த்த பிறகு கடைசியாக நான் கேட்பது, "இங்கே ஒரு பிள்ளைக்குக் கடைசியாக எப்போது அடிபட்டது?" மூன்றாவதாகப் பார்த்த வீட்டில் அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "போன மாசம் ஒருத்தன் கதவுக்குள்ள விரலைக் குடுத்திட்டான். அதுக்குப் பிறகு பாருங்கோ, சீலைத்துண்டு கட்டி வச்சிருக்கிறன்." கதவைப் பார்த்தேன், கட்டியிருந்தது. மற்ற வீடுகளில் எல்லாம் "ஒண்டுமே நடக்கிறேல்லை" என்றுதான் சொன்னார்கள். பிள்ளைகள் ஓடித் திரிகிற வீட்டில் ஒன்றுமே நடக்காதா?

அவனை அங்கேதான் விட்டேன். முதல் கிழமை அரைநாள் அரைநாளாக. பின்னேரம் குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், கை இடுக்கு, முதுகு எல்லாம் பார்ப்பேன். மூன்றாம் நாள் காலில் சிவப்பாகத் தடித்திருந்தது. நான் வாய் திறக்க முதலே, படலையடியில் வைத்தே அக்கா சொல்லியிருந்தார், முசுறு கடித்தது என்று.

வேலைத்தளத்தில் போனை லொக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போகலாம். அதனால் சூப்பர்வைசரின் மேசை இலக்கம், என் வீட்டுக்காரரின் இலக்கம், பக்கத்து ஓட்டோக்காரரின் இலக்கம் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். குசினிக் கதவில் ஒட்டியிருக்கிறார்.