புது விசுவாசியின் முதல் வருஷம்: அவசரத்தில் நேரும் தவறுகள்

இயேசுவை ஏற்றுக்கொண்ட ஒருவர் முதல் சில வாரங்களில் அடைகிற சந்தோஷம் உண்மையானது. அந்தச் சந்தோஷத்தின் வேகத்தில் எடுக்கிற முடிவுகள் சிலதான் பின்னால் அவரையும் வீட்டாரையும் வருஷக்கணக்கில் வதைக்கின்றன. மாத்திரையை நிறுத்துவது, கடன் வாங்கிக் காணிக்கை கொடுப்பது, பண்டிகை நாளில் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறுவது, மூன்றாம் மாதமே மேடையேறிப் பிரசங்கிப்பது எல்லாம் பக்திக் குறைவால் வருபவை அல்ல. உள்ளே நடந்த மாற்றத்தை உடனே எல்லாருக்கும் காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தால் வருபவை. இரட்சிப்பு கிரியைகளால் வருவதல்ல, கிருபையினால் விசுவாசத்தைக் கொண்டு கிடைப்பது என்று எபேசியர் 2:8, 9 சொல்கிறது. இலவசமாகக் கிடைத்ததை யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

குடியும் மாத்திரையும்

உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதை முதலில் சொல்கிறோம். தினமும் குடித்துவந்தவர் ஜெபக்கூட்டத்தில் மனம் உடைந்து, அன்றிரவோடு குடியை நிறுத்துகிறார். முடிவு நல்லது. அதை மருத்துவ உதவி இல்லாமல் செய்வதில்தான் ஆபத்து. வருஷக்கணக்கில் அளவுக்கு மீறிக் குடித்துப் பழகிய உடம்புக்கு மது திடீரென்று நின்றால், 6 மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கலாம். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத உருவங்கள் தெரியும், குரல்கள் கேட்கும், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் கத்துவார்கள். சிகிச்சை கிடைக்காவிட்டால் இந்த நிலை உயிரையே பறிக்கும்.

இந்தக் குழப்பத்தைப் பார்த்து, "பிசாசு விட மாட்டேங்குது" என்று முடிவுகட்டி, ஆளைச் சுற்றி நின்று விடிய விடிய ஜெபித்துக்கொண்டே இருந்துவிடுவது பெரிய தவறு. 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸில் கூடவே ஏறி, போகும் வழியெல்லாம் ஜெபியுங்கள். இன்னும் நல்லது, குடியை நிறுத்துவதற்கு முன்பே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ மது மறுவாழ்வு மையத்துக்கோ போவது. முதல் சில நாட்களுக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தும், பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். சொல்லாமலே நிறுத்திவிட்டவர் என்றால் முதல் 3 நாட்கள் அவரைத் தனியே விடாதீர்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, மனநோய் மாத்திரைகளுக்கும் இதே கவனம் வேண்டும். "சுகமாயிட்டேன், இனி மருந்து எதுக்கு?" என்பது விசுவாசம்போலத் தோன்றும். இயேசு குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கியபின் அவனிடம் சொன்னதைப் பாருங்கள். நீ போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்கிறார் (மாற்கு 1:44). அந்தக் காலத்தில் குஷ்டம் நீங்கிவிட்டதா என்று பரிசோதித்துச் சொல்லும் பொறுப்பு ஆசாரியனுடையது. சுகம் உண்மையானால் பரிசோதனைக்குப் பயப்படத் தேவையில்லை. ரத்தப் பரிசோதனை எடுங்கள், மருத்துவர் குறைக்கட்டும், அவரே நிறுத்தட்டும். சுவிசேஷம் எழுதிய லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்றே அப்போஸ்தலன் பவுல் அழைக்கிறார் (கொலோசெயர் 4:14). இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் உபவாசத்துக்காகச் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயங்கி விழ வாய்ப்புண்டு. அவர்கள் அன்றைக்குச் செல்போனையும் டிவியையும் ஒதுக்கிவைத்து ஜெபிக்கலாம்.

வீட்டில் முதல் பண்டிகை

இந்துக் குடும்பத்திலிருந்து வந்த விசுவாசிக்கு முதல் பொங்கலோ கார்த்திகையோ வரும்போது நெருக்கடி ஆரம்பிக்கிறது. பூஜை அறைப் படங்களைக் கழற்றி எறிவது, வீட்டாரின் சாமியைப் பேய் என்று சொல்வது, பொட்டையும் தாலியையும் ஒரே நாளில் கழற்றி வைப்பது எல்லாமே வீட்டாரைச் சுவிசேஷத்துக்கு வெகுதூரம் தள்ளிவிடும். வீட்டுக்குச் சொந்தக்காரர் நீங்கள் அல்ல என்றால் பூஜை அறையும் உங்களுடையது அல்ல. அதில் கை வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

எதை மறுப்பது, எதை மறுக்காமல் இருப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். வீடு வெள்ளையடிப்பது, கோலம் போடுவது, கரும்பு வாங்கி வருவது, வந்தவர்களுக்குப் பரிமாறுவது இவற்றை முன்னைவிட அதிகமாகச் செய்யுங்கள். கும்பிடுவதில் மட்டும் விலகி நில்லுங்கள். சாப்பாட்டு விஷயத்தில் 1 கொரிந்தியர் 10:27, 28 தெளிவாகச் சொல்கிறது. வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம், படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் சாப்பிட வேண்டாம். அம்மா பிரசாதத் தட்டோடு வந்து நிற்கும்போது பிரசங்கம் எதற்கு? "கோவிச்சுக்காதம்மா, இது மட்டும் வேணாம். நீ ஆக்குன சோறு போடு, சாப்பிடுறேன்" என்றால் போதும். சீரியப் படைத்தலைவன் நாகமான் தன் ராஜாவோடு ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலுக்குள் போக வேண்டியிருப்பதைச் சொல்லி வருந்தியபோது, தீர்க்கதரிசி எலிசா அவனைத் திட்டவில்லை. "சமாதானத்தோடே போ" என்று அனுப்பினார் (2 இராஜாக்கள் 5:18, 19). புதிதாய் வந்தவர்மேல் எலிசா காட்டிய பொறுமையை நம் சபைகள் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூத்த மகனாக இருந்தால் கொள்ளி வைக்கும் பேச்சு ஒருநாள் வரும். துக்க வீட்டில் முடிவெடுக்காதீர்கள். அப்பா நல்லபடி இருக்கும்போதே அண்ணன் தம்பிகளோடு உட்கார்ந்து பேசுங்கள். செலவை ஏற்பேன், பாடை தூக்குவேன், கடைசிவரை கூட நிற்பேன், இந்தச் சடங்கை மட்டும் தம்பி செய்யட்டும் என்று சொல்லிவையுங்கள்.

கணவனோ மனைவியோ விசுவாசத்துக்கு வரவில்லை என்பதற்காகப் பிரியக் கூடாது. அவர் சேர்ந்து வாழச் சம்மதித்தால் தள்ளிவிடாதே என்பது பவுலின் ஆலோசனை (1 கொரிந்தியர் 7:12, 13). தினமும் முழுஇரவு ஜெபம் என்று போய் வீட்டில் அடுப்பு எரியாமல் கிடந்தால், அந்தக் கணவர் இயேசுவைப் பற்றி என்ன நினைப்பார்?

ஞானஸ்நானத்துக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

எத்தியோப்பிய மந்திரி வழியில் தண்ணீரைக் கண்டதும் ஞானஸ்நானம் பெற்றதை (அப்போஸ்தலர் 8) எடுத்துக்காட்டி, கூட்டம் நடந்த வாரமே மூழ்கி எழச் சொல்பவர்கள் உண்டு. அந்த மந்திரி எருசலேமுக்குப் போய்ப் பணிந்துகொண்டு, திரும்பும் வழியில் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தவர். ஒன்றும் அறியாத ஆள் அல்ல. கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர்களுக்கு நீண்ட ஆயத்தம் கொடுத்து, வழக்கமாக உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தைய இரவுத் திருவிழிப்பில் திருமுழுக்குக் கொடுக்கிறார்கள். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைகளில் ஆயத்த வகுப்பு உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம், அங்கேயும் நல்ல போதகர்கள் வகுப்பு எடுத்த பிறகே இறக்குவார்கள். வகுப்பே வேண்டாம் என்கிற இடத்தில் நீங்களே கேட்டு வாங்குங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் கொடுக்கவே கூடாது.

சட்டப் பக்கத்தை யாரும் முன்னால் சொல்வதில்லை. 1950-ம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதி அந்தஸ்து பெற முடியும். கிறிஸ்தவரானவர் அதை இழக்கிறார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். கிறிஸ்தவ விசுவாசத்தைக் கைக்கொண்டுவந்த ஒரு பெண், வேலைக்காகத் தான் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரி வழக்கில், அது அரசியலமைப்பின்மீது செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. மதம் மாறியதால் சாதிக் கொடுமை நின்றுவிடுவதில்லை என்பதால் இந்த ஆணை அநியாயம் என்றே நாங்கள் கருதுகிறோம். ஆனாலும் சபையில் ஒரு பேச்சு, தாலுகா ஆபீஸில் ஒரு பேச்சு என்று இரட்டை வாழ்க்கை தொடங்குவதற்கு முன், என்ன இழக்கிறோம் என்று தெரிந்து முடிவெடுக்க வேண்டும்.

இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவின்படி, ஒருவர் மதம் மாறினால் மற்றவர் விவாகரத்துக் கேட்க அது ஒரு காரணமாகும். அப்பன் சொத்தில் மாறியவரின் சொந்தப் பங்கு போகாது. மதம் மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு, இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை பொதுவாக இல்லை என்று 1956-ம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 26 சொல்கிறது. ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இவற்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளலாம்.

பெயர் மாற்றம் கட்டாயமல்ல. கிரேக்கத் தெய்வத்தின் பெயரோடு ஒட்டிய பெயரையே, பவுல் காலத்துப் போதகர் அப்பொல்லோ மாற்றாமல் வைத்திருந்தார். 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற திருநெல்வேலிக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, முன்னால் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டாலும் கிருஷ்ணனை விடவில்லை. ஆதார், பான், பத்திரம், மார்க் ஷீட் அத்தனையிலும் பெயர் மாற்ற அலைவதற்கு முன் யோசியுங்கள்.

வேதத்தை எங்கே தொடங்குவது

ஆதியாகமத்திலிருந்து தொடங்கி லேவியராகமத்தில் பலிச் சட்டங்களோடு நின்றுபோகிறவர்கள் ஏராளம். மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று, பதினைந்து நிமிஷம். பிறகு யோவான் 21, அப்போஸ்தலர் நடபடிகள் 28. இரண்டே மாதத்தில் இயேசு யார், சபை எப்படித் தோன்றியது என்று தெளிவாகிவிடும். பல சபைகளில் வாசிக்கும் தமிழ் வேதாகமமான பழைய திருப்புதல் 1871-ல் வந்த மொழிபெயர்ப்பின் வழி வருவதால் நடை கடினமாக இருக்கலாம். எளிய தமிழ்ப் பதிப்பொன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

ஒற்றை வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை எடுத்து அன்றைய முடிவை எடுப்பதைத்தான் நிறுத்த வேண்டும். கிறிஸ்தவ வீடுகளின் சுவரில் அதிகம் தொங்கும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வசனத்தை வாசித்துவிட்டு, அடுத்த மாதமே வேலை கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். ஒரு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. இன்னும் மேலே, 5-ம் 6-ம் வசனங்களில், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்கிறார் கர்த்தர். இரண்டே வருஷத்தில் விடுதலை என்று சொன்ன தீர்க்கதரிசியை அதே புத்தகம், முந்தைய அதிகாரத்தில், பொய்யன் என்கிறது. ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்வதற்கு முன் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள்.

சபையும் பணமும்

கந்துவட்டியும் குழுக்கடனும் கழுத்தை நெரிக்கும்போது, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்காததால்தான் கஷ்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்பதுதான் கொடுப்பதற்கான அளவு (2 கொரிந்தியர் 9:7). கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ பொருத்தனை செய்ய வேண்டாம். ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோனபோது, யாரும் குற்றம் சொல்லாதபடி பவுல் வேறு ஆட்களையும் கூடவே அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:20, 21). ரசீது தருகிறார்களா, வருஷக் கணக்கைச் சபையாருக்கு முன் வாசிக்கிறார்களா என்று பாருங்கள். கேள்வி கேட்டால் கோபம் வருகிற, டாக்டரிடம் போகாதே என்கிற, பெற்றவர்களோடு பேசாதே என்கிற, பெண்களைத் தனியறையில் வைத்து ஜெபிக்கிற இடத்திலிருந்து உடனே விலகுங்கள்.

யூடியூப் பிரசங்கம் மட்டும் கேட்டு வீட்டிலேயே இருந்துவிடுவது எதிர்ப்பக்கத் தவறு. நீங்கள் மூன்று வாரம் வராவிட்டால் வீடு தேடி வருகிற ஆட்கள் உங்களுக்கு வேண்டும். 60 பேர் உள்ள சபையில் அது எளிது. பெரிய சபை என்றால் வீட்டு ஜெபக்குழு ஒன்றில் சேருங்கள்.

குடியை விட்டு இரண்டு மாதம் ஆனவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைத்து வீடியோ போடுவது அவருக்குச் செய்கிற கொடுமை. மறுபடி விழுந்தால் சபை வாசலை மிதிக்கவே வெட்கப்படுவார். கண்காணிப்பு ஊழியத்துக்குப் புதிதாய்ச் சேர்ந்தவனை வைக்காதே என்று 1 தீமோத்தேயு 3:6 தடுப்பதில் அன்பும் இருக்கிறது.

விழுந்தபின் செய்ய வேண்டியதும், பழைய கணக்குகளும்

விழுவோம். உடனே "நான் இரட்சிக்கப்படவே இல்லையோ" என்று பயந்து ஒவ்வொரு கன்வென்ஷனிலும் மறுபடி கை உயர்த்துவதும், இரண்டாவது ஞானஸ்நானத்துக்கு ஓடுவதும் வேண்டாம். 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது. பாவத்தை அறிக்கையிடுங்கள், நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், எந்த இடத்தில் எந்த நேரத்தில் சறுக்கியது என்று இருவரும் பாருங்கள். சம்பள நாள் சாயங்காலம் என்றால், அடுத்த மாதம் அந்தச் சாயங்காலம் தனியாக இருக்காதபடி ஏற்பாடு செய்யுங்கள். அறிக்கையைச் சபை நடுவில் செய்யவே வேண்டாம், முக்கியமாக அதில் இன்னொருவர் மானம் கலந்திருந்தால்.

தேவன் மன்னித்துவிட்டார், பழைய கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு அப்படி நினைக்கவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்றான் (லூக்கா 19:8). ஒரு நோட்டில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, எப்போது வாங்கியது. ஏமாற்றி வாங்கியதைத் தனியாகக் குறியுங்கள். சின்னத் தொகையிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பாருங்கள். முழுசாகத் தர முடியாவிட்டால் மாதம் எவ்வளவு தர முடியும் என்று உண்மையான தொகையைச் சொல்லுங்கள். 500 ரூபாய் என்றால் 500 ரூபாய்தான், 2,000 என்று வாக்குக் கொடுத்து மூன்றாம் மாதம் முகத்தை மறைத்துக்கொண்டு திரியாதீர்கள். கொடுத்தவர் இறந்துபோயிருந்தால் மனைவி மக்களிடம் கொடுங்கள், கொடுத்ததை அவர்கள் கையெழுத்தோடு அதே நோட்டில் குறித்துவையுங்கள்.