புரோகிரசிவ் ராக் கேட்கத் தொடங்குவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான புரோகிரசிவ் ராக், மின் கிட்டாரையும் டிரம்ஸையும் கைவிடாமலே, மேற்கத்தியச் செவ்வியல் இசையின் நீண்ட வடிவங்களையும் ஜாஸ் இசையின் சுதந்திரத்தையும் தனக்குள் இழுத்துக்கொள்ள முயன்ற இசைவகை. நான்கு நிமிடப் பாடலுக்குப் பழகிய காது, பதினெட்டு நிமிடம் ஓடும் ஒரு பாடலை முதன்முறை கேட்கும்போது பாதியிலேயே களைத்துவிடுவது இயல்பு. இதன் ரசிகர்கள் பலர் "முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேளுங்கள்" என்று சொல்வார்கள். தொடங்குபவருக்கு அது பொருந்தாத அறிவுரை என்றே நான் கருதுகிறேன். இந்த இசை கேட்பவரின் நினைவாற்றலை நம்பி எழுதப்பட்டது. ஒருமுறை ஒலித்த மெட்டு பத்து நிமிடம் கழித்து வேறு உருவில் திரும்பி வரும்போது அதை அடையாளம் காண்பதில்தான் இதன் இன்பம் பெரிதும் அடங்கியிருக்கிறது. அந்தப் பழக்கத்தைப் படிப்படியாக வளர்த்துக்கொள்ளும் வழியைக் கீழே தருகிறேன்.

படி 1: கருவிகளைச் சரிசெய்தல்

நல்ல ஹெட்போன் ஒன்று போதும். பாட்டுச் செயலியில் ஷஃபிள் வசதியையும், ஒரு பாடல் முடியுமுன் அடுத்ததைக் கலந்துவிடும் வசதியையும் அணைத்துவிடுங்கள். வானொலிக்காகச் சுருக்கப்பட்ட பதிப்பைத் தவிர்ப்பதும் முக்கியம்: யெஸ் குழுவின் 'ரவுண்டபவுட்' ஆல்பத்தில் எட்டரை நிமிடம் ஓடுகிறது, தனி இசைத்தட்டாக வந்தபோது அதில் பாதிகூட மிஞ்சவில்லை.

படி 2: ஏழு எண்ணிப் பழகுதல்

பிங்க் ஃபிளாய்ட் 1973இல் வெளியிட்ட 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' ஆல்பத்திலுள்ள 'மணி' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். நாணயம் சிணுங்குவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி திறப்பது எனத் தொடக்கத்தில் வரும் ஒலிகள் ஏழு அடிகள் கொண்ட ஒரு வளையமாகச் சுழல்கின்றன. பேஸ் கிட்டார் அதே ஏழைப் பிடித்துக்கொண்டு நுழைகிறது. விரலால் தொடையில் தட்டி ஏழு வரை எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு மிச்ர சாபு தாளத்தின் வழியாக ஏழு ஏற்கெனவே பழக்கம்தான், ஆனால் அதன் மூன்றும் நான்குமான பிரிவை இங்கே வலிந்து பொருத்தாமல் ஏழையும் நேராக எண்ணுவதே நல்லது. சாக்ஸபோன் தனி வாசிப்பு முடியும் வரை எண்ணிக்கை மாறாது. அடுத்து கிட்டார் தனி வாசிப்பு தொடங்கும் இடத்தில் தாளம் நான்குக்குத் தாவும். அங்கே உங்கள் விரல் தடுமாறுமானால் பயிற்சி சரியாக நடக்கிறது என்று பொருள்.

படி 3: மெலோட்ரானை அடையாளம் காணுதல்

1969 அக்டோபரில் வெளிவந்த கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்திலிருந்து 'எபிடாஃப்' பாடலைக் கேளுங்கள். பின்னணியில் வயலின் குழு வாசிப்பதுபோல் ஒலிப்பது மெலோட்ரான் என்னும் விசைக்கருவி. அதன் ஒவ்வொரு விசைக்கும் கீழே தனித்தனியாக ஒரு காந்த நாடாத் துண்டு இருக்கும். விசையை அழுத்தினால் அதில் பதிவாகியிருக்கும் வயலின், புல்லாங்குழல் அல்லது கூட்டுக்குரல் ஒலிக்கும், சுமார் எட்டு விநாடிகளில் நாடா தீர்ந்துவிடும். நாடா ஓடும் வேகம் சற்றே ஏறி இறங்குவதால் சுருதியில் ஒரு மெல்லிய நடுக்கம் இருக்கும். இன்றைய மென்பொருள்கள்கூட அந்த நடுக்கத்தை வேண்டுமென்றே சேர்த்துக்கொள்கின்றன. இந்த ஒலி ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், 1970களின் பாதி ஆல்பங்களில் அதை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

படி 4: ஒரு நீண்ட படைப்பின் வரைபடத்தை எழுதுதல்

இதுவே முக்கியமான படி, ஆகவே இதற்கு ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும். அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ இருபது நிமிடங்களைக் கொள்ளும். அந்த எல்லையையே ஒரு படைப்பின் அளவாக எடுத்துக்கொண்டு இசைக்கலைஞர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஜெத்ரோ டல் 1972இல் இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து ஒரே பாடலை வெளியிட்டது. நமக்கு ஒரு பக்கம் போதும்: அதே ஆண்டு வெளிவந்த யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்'. பல நாட்களில் துண்டுதுண்டாகப் பதிவுசெய்து, நாடாவை வெட்டி ஒட்டிச் சேர்க்கப்பட்ட இந்தப் பதினெட்டு நிமிடப் படைப்புக்கு நான்கு பகுதிகள் உண்டு.

ஒரு தாளை எடுத்து, நிமிடங்களை இடப்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். பறவைகளின் ஒலியும் ஓடும் நீரின் ஒலியும் மெல்ல எழுந்து, திடீரென்று கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் ஒன்றோடொன்று மோதும் ஒரு அமளியாக வெடிக்கும். அதில் ஒழுங்கைத் தேடிச் சோர்ந்துவிட வேண்டாம், அது குழப்பமாக ஒலிப்பதற்காகவே எழுதப்பட்டது. மூன்றாம் நிமிடத்தை ஒட்டி கிட்டாரில் ஒரு தெளிவான மெட்டு தலைகாட்டும். அதை வாய்விட்டு முணுமுணுக்கும் வரை அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஆறாம் நிமிடத்தை ஒட்டித் தொடங்கும் இரண்டாம் பகுதியில் பாடல் வரிகளின் மெட்டு பெரும்பாலும் பழையதாகவே இருக்க, அடியில் பேஸும் டிரம்ஸும் போடும் நடை மாறிவிட்டிருக்கும். எட்டரை நிமிடத்தை ஒட்டி எல்லாம் அடங்கி, குரல்கள் தாழ்ந்து ஒன்றுக்கொன்று விடைசொல்வதுபோல் பாட, பின்னர் லண்டனில் ஒரு தேவாலயத்தின் பைப் ஆர்கனில் பதிவுசெய்யப்பட்ட இசை அந்த அமைதியை உடைத்துக்கொண்டு எழும். பதினான்காம் நிமிடத்துக்குப் பின் முதற்பகுதியின் இசை மீண்டும் வருகிறது. மெதுவாகப் பாடப்பட்ட அந்த மூன்றாம் பகுதியின் சொற்கள் இப்போது உரத்த குரலில், முழுக் குழுவின் பலத்தோடு ஒலிக்கும். இந்த இடத்தில் சிலிர்ப்பு ஏற்படுவதற்குக் காரணம், முந்தைய பத்து நிமிடங்களை நீங்கள் நினைவில் வைத்திருப்பதுதான். நேராக இங்கே தாவிக் கேட்டுப் பாருங்கள், அந்தச் சிலிர்ப்பு வராது.

படி 5: வரிகளின் பொருளைத் துரத்தாமல் இருத்தல்

இப்படைப்புக்கு ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவல் தூண்டுதலாக இருந்தது. ஆயினும் யெஸ் குழுவின் வரிகள் பொருளைவிட ஓசைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை, சில இடங்களில் வெறும் சொல் அடுக்கு என்றும் சொல்லலாம். வரிகளில் கதை வேண்டுமென்றால் ஜெனிசிஸ் இசைக்குழுவின் பக்கம் செல்லுங்கள். அக்குழுவின் 1972ஆம் ஆண்டுப் பாடலான 'சப்பர்ஸ் ரெடி' விவிலியத்தின் வெளிப்படுத்தல் நூலிலிருந்து காட்சிகளை எடுத்து, அவற்றை ஆங்கிலேயக் கேலியோடு கலக்கிறது.

படி 6: மாற்றங்களைக் கால வரிசையில் கேட்டல்

1973இல் யெஸ் நான்கே பாடல்கள் கொண்ட இரட்டை இசைத்தட்டை வெளியிட்டது. அதை ஏற்க முடியாமல் அக்குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் அடுத்த ஆண்டு விலகினார், அந்த முடிவில் நியாயம் இருந்தது என்பேன். 1976-77இல் மூன்று நிமிடக் கோபத்தோடு வந்த பங்க் இசை, இந்த ஆடம்பரத்தைப் பழசாக்கியது. ஆனால் தப்பிப் பிழைத்தவர்கள் சுருங்கக் கற்றார்கள்: கனடாவின் ரஷ் குழு 1976இல் ஒரு பக்க நீளத்துக்கு எழுதிய '2112' பாடலையும், 1981இன் 'டாம் சாயர்' பாடலையும் அடுத்தடுத்துக் கேட்டால் இது விளங்கும். 1983இல் மரில்லியன் குழு ஜெனிசிஸின் பழைய பாணியைப் புதுப்பித்தது. 1992இல் டிரீம் தியேட்டர் குழு 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தின் வழியாக அதைக் கனமான மெட்டல் இசையோடு பிணைத்தது. வேகமான விரல்களை மட்டும் வியக்கும் பழக்கம் இங்கே தொடங்கிவிடக்கூடும், எச்சரிக்கை.

இவை அனைத்திலும் நான் முதலில் பரிந்துரைப்பது கிங் கிரிம்சன் 1981இல் வெளியிட்ட 'டிசிப்ளின்' ஆல்பம். மெலோட்ரான் இல்லை, நீண்ட பாடல்களும் இல்லை. 'ஃபிரேம் பை ஃபிரேம்' பாடலில் இரண்டு கிட்டார்கள் ஒரே கோலத்தை வாசிக்கத் தொடங்கி, ஒன்று மட்டும் தன் சுற்றில் ஒரு சுரத்தைக் கைவிடுவதால் இரண்டும் மெல்ல விலகி, பிறகு ஓரிடத்தில் சேர்ந்துகொள்ளும். இரண்டாம் படியில் பழகிய ஏழை எண்ணிக்கொண்டே ஒரு கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை மற்றொன்றை.